முப்பது உயிரும் மூன்றாம் வாய்ப்பாடும்

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது கல்வியின் பெயரால்தான். தொண்ணூறுகளின் நடுவில், கும்பகோணத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஒருவர் கீபோர்டு போலிருந்த ஒரு பெட்டியை டிவியில் மாட்டி, என் பெயரை ஆங்கிலத்தில் தட்டிக் காட்டினார். "இது கம்ப்யூட்டர் சார். இப்பவே பழகிட்டா பையனுக்கு நாளைக்கு அமெரிக்காதான்." கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த அப்பா, திரையில் மகன் பெயரைப் பார்த்த கணமே பேரம் பேச மறந்துபோனார்.

பெட்டியோடு இரண்டு கேசட்டுகள். ஒன்றில் டைப்பிங்கும் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியும் இருந்தன. மற்றது மஞ்சள் கேசட், மேலே 9999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருந்தது. போட்டுப் பார்த்தால் பத்துக்குள் அடங்கும் விளையாட்டுகளே பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தன. விளம்பரத்தில் வரும் எண்ணை நம்பக் கூடாது என்பது அந்தப் பெட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கவில்லை.

டைப்பிங் கேசட்டை அப்பா வீட்டில் இருக்கும்போது போடுவேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் மஞ்சள் கேசட்டின் கான்ட்ரா. "படிச்சது போதும்டா, சாப்பிட வா" என்று அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிடுவாள். அவளுக்கு இருந்த ஒரே கவலை பிக்சர் டியூப் போய்விடுமோ என்பதுதான். மகன் போய்விடுவான் என்ற கவலை முழுப்பரீட்சைக்கு முந்தைய மாதம்தான் வரும். பெட்டி பரணுக்கு ஏறும்.

மேலே, மேலே, கீழே, கீழே, இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்கித்தரும் இந்த வரிசையை ரஃப் நோட்டில் எழுதி வைத்திருந்ததற்காக வகுப்பில் முட்டி போட்டிருக்கிறேன். அல்ஜீப்ரா சூத்திரங்கள் உதிர்ந்துபோன வயதிலும் இது மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தக் கடைக்காரர் சொன்னதை முழுப்பொய் என்று தள்ளவும் முடியாது. பெட்டியின் பூர்வீகம் ஜப்பான். நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் நின்டெண்டோவே பொபாயை வைத்து ஆங்கிலம் கற்பிக்கவும், டாங்கி காங் ஜூனியரை வைத்துக் கணக்குச் சொல்லித்தரவும் கேசட் போட்டுப் பார்த்தது. மறு ஆண்டு கீபோர்டோடு பேசிக்கும் வந்தது. சீனாவில் சுபோர் என்ற நிறுவனம் கீபோர்டு வைத்த நகலைப் 'படிப்பு இயந்திரம்' என்று விற்றது. விளம்பரத்துக்கு வந்தவர் ஜாக்கி சான். பிள்ளைகள் வழிதவறிப் போகிறார்கள் என்று அதே சீனம் 2000-ல் வீடியோ கேம் கன்சோல்களின் விற்பனைக்குத் தடை போட்டது. ஆக, உலகெங்கும் அப்பாக்கள் ஒரே மாதிரிதான் ஏமாந்திருக்கிறார்கள்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. 2008 வாக்கில் டெரெக் லோமாஸ் என்ற அமெரிக்கர் இந்தியக் கடைத்தெருவில் இதே கீபோர்டுப் பெட்டியைப் பார்த்து அசந்துபோனார். விலை சுமார் 12 டாலர், அன்றைய கணக்கில் ஐந்நூறு ரூபாய். ஏழைப் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான கம்ப்யூட்டர் ஏது என்று, அதற்கென 8-பிட் பாட விளையாட்டுகள் எழுத அவரும் கூட்டாளிகளும் 'பிளேபவர்' என்ற அமைப்பையே தொடங்கினார்கள். நாங்கள் பரணில் ஏற்றியதை அவர்கள் மாநாட்டு மேடையில் ஏற்றினார்கள்.

இப்போது காட்சி மாறிவிட்டது. என் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், டை கட்டிய இளைஞர் ஒருவர் ஸ்லைடு போட்டு, கன்சோல் வழியாகக் கணக்கு கற்பதன் மகிமையை விளக்கினார். முட்டி போடவைத்த சமாசாரத்துக்கு இப்போது தனி அறை, ஏசி, பருவத்துக்கொரு கட்டணம். பக்கத்து நாற்காலி அப்பா ஒருவர், வீட்டில் மகன் போனில் விளையாடுவதை எப்படி நிறுத்துவது என்று அதே இளைஞரிடம் கேட்டார். அதற்கு ஸ்லைடு இல்லை.

முதல் வாரம் முடிந்ததும் மகளிடம் விசாரித்தேன். "அது கேமே இல்லப்பா. கணக்குப் போட்டாதான் ஓட விடுறாங்க. டெஸ்ட்டுக்குப் பவுடர் போட்டு அனுப்பியிருக்காங்க" என்றாள். டாங்கி காங் கணக்குக் கேசட் அந்தக் காலத்திலேயே ஏன் விலைபோகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் ஒட்டுமொத்தமாகக் கைகழுவ மனம் வரவில்லை. காரணம் ஸ்காட்லாந்து. 2008-ல் அங்கே 32 பள்ளிகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிப் பள்ளிகளில் ஒன்பது வாரம், தினமும் வகுப்பு தொடங்கும்போது இருபது நிமிடம் நின்டெண்டோ டிஎஸ்-இல் 'பிரெய்ன் டிரெய்னிங்'. மனக்கணக்கில் இரு தரப்புமே முன்னேறின. விளையாடிய தரப்பின் முன்னேற்றம் மற்றதைப் போல் ஒன்றரை மடங்கு. பரவாயில்லையே என்று தோன்றும்போதே எனக்கு எங்கள் மூன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. தினமும் காலை, பிரேயர் முடிந்த கையோடு, மொத்த வகுப்பும் கூவிய வாய்ப்பாடு. ஒரே நேரம், ஒரே வேலை, நாள் தவறாமல். எங்கள் கருவி பிரம்பு. அவர்களுடையது இரண்டு திரை வைத்த பெட்டி. அடி விழாது என்பதற்காகவே அவர்களுடையது மேல் என்பேன்.

ஸ்காட்லாந்தில் உண்மையில் என்னைக் கவர்ந்தது வேறு. டெரெக் ராபர்ட்சன் என்ற கல்வியாளர் டண்டீயில் 'கன்சோலேரியம்' என்று ஒரு மையம் நடத்தினார். அவர் தேடியது பாடத்துக்கென்றே செய்த விளையாட்டுகளை அல்ல; கடையில் விற்கும் சாதாரண விளையாட்டுகளை. நாய்க்குட்டி வளர்க்கும் 'நின்டெண்டாக்ஸ்' ஒரு வகுப்புக்குப் போனால், பிள்ளைகள் நாய்களைப் பற்றி எழுதினார்கள், வரவு செலவு போட்டார்கள். 'கிட்டார் ஹீரோ' போன இடத்தில் இசைக்குழு ஒன்றைக் கற்பனை செய்து, அதன் சுற்றுப்பயணத்துக்கு வரைபடமும் பட்ஜெட்டும் தயாரித்தார்கள். விளையாட்டு கொஞ்ச நேரம்; பாடம் முழுக்க அதை அணைத்த பிறகு. அந்த இடத்தில்தான் ஆசிரியர் வருகிறார். எங்கள் கணக்கு வாத்தியார் முட்டி போடவைத்ததற்குப் பதில், 'முப்பது உயிரில் எட்டு போனால், மீதி இருப்பது எத்தனை பங்கு?' என்று கேட்டிருந்தால் எனக்குப் பின்னம் அன்றைக்கே புரிந்திருக்கும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஸ்லைடு முடிந்து கேள்வி நேரம் வரும்போது, எத்தனை கன்சோல் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். ஸ்விட்சை அணைத்த பிறகு மீதி அரைமணி நேரம் டீச்சர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள்.