நாப்பதாம் நம்பர் நூலும் நாப்பதாம் நம்பர் ஆயிலும்

வா அப்புனு. வண்டிய அந்த வேப்பமரத்தடியில நிறுத்து. சைடு ஸ்டாண்டு வேண்டாம், சென்டர் ஸ்டாண்டு போடு. மேடு பள்ளமில்லாத எடமாப் பாத்துப் போடு. எதுக்குன்னு கேக்காத. அது செத்த நேரம் நிக்கட்டும், நாம பழமை பேசலாம்.

மூணு ராத்திரியா நீ தூங்கலையாமா? உங்கம்மா சொல்லி அழுகாத கொறை. விடிய விடியப் போனையே பாத்துட்டுக் கெடக்கறானுங்கறா. வயசுப் பையன், ஏதோ அம்மிணி சமாச்சாரமாக்கும்னு நானும் கம்முனு இருந்தேன். இப்ப வந்து, ஸ்ப்ளெண்டருக்கு எந்த ஆயில் ஊத்தறதுங்கற. கெரகமே! உங்கப்பன் பொண்ணு பாக்கப் போன அன்னிக்குக்கூட இத்தனை விசாரிக்கல. ஒரு டம்ளர் காப்பி குடிச்சான், சரீன்னுட்டான். இருவத்தஞ்சு வருசமா அந்த வண்டி ஓடலையா?

கையில என்ன காயிதம்? பட்டியலா? குடு. '5 டபிள்யூ 40, முழு சிந்தடிக், எஸ்டர் சேர்ந்தது, ரேஸ் ஓட்டறவங்க ஊத்தறது.' ஓகோ. நீ எங்க சாமி ரேஸ் ஓட்டற? காலையில அனுப்பர்பாளையத்துல கெளம்பி, புஷ்பா தியேட்டர் முக்கு வரைக்கும் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால காலை ஊனி ஊனிப் போறயே, அதுவா ரேஸு? உனக்கு முன்னால ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லுல நாலு மூட்டை கட்டிங் பீஸு, அது மேல ஒரு ஆளு. அவனை முந்த முடியல உன்னால. உன்ற வண்டிக்கு இருக்கறது எட்டுக் குதிரைச் சத்து. அதுக்கு ஐயாயிரம் ரூவாய்க்குக் குதிரைலாடம் அடிக்கணுங்கற.

போன்ல ஒருத்தன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு, கண்ணாடிக் குழாயில எண்ணெய ஊத்திக் குண்டு உருட்டிக் காட்டறானாமா. இதை ஊத்துனா இஞ்சின் பஞ்சாட்டப் போகுமாமா. கேப்பையில நெய் வடியுதுன்னு ஒருத்தன் சொன்னா, கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சு? சிந்தடிக் நல்லதில்லைங்கல நான். சூட்டத் தாங்கும், சீக்கிரம் கெடாது. பட்டு வேட்டியுந்தான் நல்லது. அதைக் கட்டிக்கிட்டுச் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போவாங்களா?

அதை விடு. நீ நிட்டிங்ல வேலை பாக்கறவன். உங்கிட்டக் கேக்கறேன், இருவதாம் நம்பர் நூலு கெட்டியா, நாப்பதாம் நம்பர் நூலு கெட்டியா? இருவதுதான். 840 கெஜச் சிட்டம் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிக்குதோ அதுதான் கவுண்ட்டு. நம்பர் ஏற ஏற நூலு மெல்லிசாகும். இது திருப்பூர்ல தவழற கொழந்தைக்கும் தெரியும். இந்தப் புத்தியோட நீ ஆயில் கடைக்குப் போற. அங்க எல்லாந் தலைகீழு. நம்பர் ஏற ஏற ஆயில் கெட்டி. நாப்பதுன்னா மெல்லிசு, மைலேஜ் குடுக்கும்னு நெனச்சு வாங்கறவன் நம்மூர்ல எத்தனை பேருன்னு நெனைக்கற? நானே ஒரு காலத்துல அப்பிடித்தான் வாங்குனேன். இதை வெளிய சொல்லாத.

அப்பறம் அந்த டபிள்யூ. அது வாட்ஸும் இல்ல, வெயிட்டும் இல்ல. விண்டர். பனிக்காலம். அமெரிக்காவுல எஸ்ஏஇ-ன்னு வண்டி இஞ்சினியருங்க சங்கம் ஒண்ணு இருக்குது. எண்ணெய்க்கு நம்பர் குடுக்கற வேலைய 1911-லயே ஆரம்பிச்சுட்டாங்க. டபிள்யூவுக்கு முன்னால இருக்கற நம்பர், குளிருல வண்டிய ஸ்டார்ட் பண்ணறதுக்கு. என்ன குளிரு? இருவது டபிள்யூ ஆயில மைனஸ் 15 டிகிரியில வெச்சுப் பாக்கறாங்க. பத்து டபிள்யூன்னா மைனஸ் 25. அப்புனு, ஊட்டியில தை மாசத்துல புல்லு மேல வெள்ளையாப் பனி உறையும். அதுவே பூச்சியத்தச் சுத்தித்தான். பல்லடம் ரோட்டுல மைனஸ் 25-க்கு எங்க போவ? ஐஸ் கம்பெனிக்குள்ள வண்டிய ஓட்டிட்டுப் போவயா?

ஆனா முன்னால இருக்கற நம்பர் வெத்துன்னு நெனச்சுக்காத. மார்கழியில உங்காத்தா தேங்கா எண்ணெய்ச் சீசாவ வெயில்ல வெப்பாளே, எதுக்கு? ராத்திரி உறைஞ்சு போகும், ஊத்துனா வராது. இஞ்சினும் காலையில அப்பிடித்தான். எண்ணெய் எல்லாம் அடியில எறங்கிக் கெடக்கும். கிக்கர ஒதைச்சதும் அது சரசரன்னு மேல ஏறி வால்வுக்குப் போய்ச் சேரணும். கெட்டியா இருந்தா மெதுவா ஏறும். அது வரைக்கும் இரும்பும் இரும்பும் மொட்டையாத் தேயும். பின்னால இருக்கற நம்பர், இஞ்சின் நல்லாச் சூடேறுன பொறவு. தண்ணி கொதிக்கற சூடு, 100 டிகிரி. அப்பவும் எண்ணெய் தண்ணியாட்ட ஓடாம இரும்பு மேல ஒட்டி நிக்குதாங்கறதுதான் அந்தக் கணக்கு.

ஒரே எண்ணெய் எப்பிடிக் குளிருல இளகியும் சூட்டுல கெட்டியாவும் இருக்கும்னு கேளு. கேக்க மாட்ட. போன்ல அதைச் சொல்லியிருக்க மாட்டான். எளசான எண்ணெயில நீளநீளமா இழையாட்ட ஒரு மருந்து கலக்கறாங்க. குளிருல அது சுருண்டு கெடக்கும். சூட்டுல விரிஞ்சு எண்ணெயப் புடிச்சு நிறுத்தும். நீள இழைப் பஞ்சு கணக்கா வெச்சுக்க. ஆனா பைக்குல கியர் பொட்டியும் அதே எண்ணெயிலதான் ஓடுது. பல்லுச்சக்கரம் அந்த இழைகள வெட்டி வெட்டிக் கழிவுப் பஞ்சாட்ட ஆக்கிரும். அப்பறம் டப்பாவுல நாப்பதுன்னு போட்டிருந்தாலும் உள்ளார இருக்கறது நாப்பதில்ல. ரெண்டாயிரம் ரூவா ஆயிலானாலும் கெடு வந்தா மாத்தித்தான் ஆகணும்.

கெட்டியா ஊத்துனா இஞ்சினுக்குப் பாதுகாப்புன்னு ஒரு கோஷ்டி சுத்துது. அவங்களுக்கு ஒரே கேள்வி. உன்ற நிட்டிங் மிஷினுக்கு நீடில் ஆயிலுக்குப் பதிலா கிரீஸ் அப்பிப் பாப்பாங்களா? ஓவர்லாக் மிஷினுக்கு வெள்ளை ஆயில்தான் ஊத்தோணும்னு ஹெல்ப்பர் பொடியனுக்குக்கூடத் தெரியுது. ஊசி ஒடிஞ்சா, துணியில எண்ணெய்க் கோடு விழுந்தா, மொதலாளி உசுரை எடுத்துருவாரு. அங்க மிஷின்காரன் சொன்னபடி நடக்கற. உன்ற சொந்த வண்டின்னா மட்டும் ஏன் பெரிய விஞ்ஞானி ஆயிடற?

இப்ப முக்கியமான சங்கதி. டப்பாவுல ஜாஸோ எம்ஏ, எம்ஏ2, எம்பின்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும். உன்ற மூணு ராத்திரி வீடியோவுல இதை எவனாவது சொன்னானா? இது ஜப்பான்காரன் வெச்ச முத்திரை. கார்ல க்ளட்சு தனியாக் காஞ்சு கெடக்கும். பைக்குல க்ளட்சுத் தட்டு இஞ்சின் ஆயிலுக்குள்ளயே முழுகிக் கெடக்கும். கார்க்காரன் மைலேஜுக்காக ஆயில வழுவழுன்னு ஆக்கிக்கிட்டே போனான். அதை பைக்குல ஊத்துனா க்ளட்சு வழுக்காம என்ன பண்ணும்? அதனால 1990-களோட கடைசியில ஜப்பான்காரன் பைக்குக்குன்னு தனி அளவு வெச்சான். எம்ஏ, எம்ஏ2 போட்டிருந்தா க்ளட்சு புடிக்கும், கியர் வண்டிக்கு. எம்பி வழுவழு, கியரில்லாத ஸ்கூட்டருக்கு. ஆக்டிவாவுக்கு 10 டபிள்யூ 30 எம்பி. அதே 10 டபிள்யூ 30-தான் உன்ற ஸ்ப்ளெண்டருக்கும், ஆனா எம்ஏ. நம்பர் ஒண்ணு, சாதகம் வேற.

நம்ம கூட்டாளி ஒருத்தன், கட்டிங் மாஸ்டர், கைய விரிச்சு ஒரு ரூவா குடுக்க மாட்டான். காருக்கு ஊத்துன ஆயில் அரை டப்பா மிச்சமிருக்குதுன்னு பைக்குல ஊத்திட்டான். மறு வாரம் காங்கயம் ரோட்டு மேட்டுல முறுக்கறான், முறுக்கறான். வண்டி கத்துது, நகரல. ஊட்டோட மாப்பிள்ளையாட்ட சத்தம் மட்டுந்தான். க்ளட்சுத் தட்டு மாத்துன செலவுல ரெண்டு வருசத்துக்கு ஆயில் வாங்கியிருக்கலாம்.

சிரிக்காத. நாம் பண்ணுனது அதை விட மோசம். அப்ப நம்மகிட்ட பழைய டிவிஎஸ் 50. ரெண்டு ஸ்ட்ரோக்கு. பெட்ரோல் லிட்டருக்கு இருவது மில்லி ஆயிலு கலந்து ஊத்தோணும். அது பெட்ரோலோட எரிஞ்சு பொகையாப் போயிரும், மாத்தற வேலையே இல்ல. ஒரு நா அவசரம். காதர்பேட்டையில சரக்கு எறக்கோணும். ஆயிலு அப்பறம் பாத்துக்கலாம்னு வெறும் பெட்ரோல ஊத்திட்டுப் போயிட்டேன். பாதி வழியில 'கிர்ர்'ருன்னு ஒரு சத்தம், பின் சக்கரம் கட்டிக்கிட்டு நின்னுருச்சு. பிஸ்டன் புடிச்சுக்கிச்சு. ரெண்டு பண்டல் பனியனோட வேகாத வெயில்ல தள்ளிட்டு வந்தேன். அன்னிக்கு நான் மிச்சம் புடிச்ச ஆயிலு நாப்பது மில்லி. வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடுன்னு பெரியவங்க சொன்னாங்களே, அந்த வைத்தியன் மெக்கானிக்குந்தான்னு அப்பத்தான் புரிஞ்சது.

எண்ணெய் ஒண்ணும் நமக்குப் புதுசில்ல. எங்கப்பாரு மாட்டுவண்டி அச்சுக்கு மசை போடுவாரு. கொட்டமுத்து எண்ணெயில வக்கப்புல்லுக் கரியக் கொழைச்சு, மூங்கக் கொழாயில அடைச்சு வண்டிக்கடியில தொங்க விட்டிருப்பாரு. சந்தைக்குப் போற வழியில அச்சு கிறீச்சுன்னா எறங்கிப் போடுவாரு. நீ இந்த ஊருக் கொட்டமுத்த எளக்காரமாப் பாக்கற. லண்டன்ல வேக்ஃபீல்டுன்னு ஒருத்தரு 1899-ல எண்ணெய்க் கம்பெனி ஆரம்பிச்சாரு. 1909-ல புது ஆயில் ஒண்ணு போட்டாரு. அதுல இந்தக் கொட்டமுத்து எண்ணெய், அதான் வெளக்கெண்ணெய், கலந்திருந்ததால, இங்கிலீசுல அதுக்கிருக்கற 'காஸ்டர்'ங்கற பேர வெச்சே காஸ்ட்ரால்னு பேரு வெச்சாரு. மொத உலகச் சண்டையில பல ஏரோப்ளேன் இஞ்சினுக்கு ஊத்துனதும் வெளக்கெண்ணெய்தான். எங்கப்பாருக்கு இது தெரிஞ்சிருந்தா மாட்டுவண்டியில 'ரேஸ்'னு எழுதியிருப்பாரு.

சரி, வண்டியோட வந்த பொஸ்தகம் எங்க? அட்டாலியில கெடக்குதா? பிரிக்கவே இல்லையா? கல்யாணப் பத்திரிகையக்கூட எந்த மண்டபம்னு பாக்கறதுக்காவது பிரிப்ப. அந்தப் பொஸ்தகத்துல ஒரு வரியில போட்டிருப்பான். புல்லட்டுன்னா 15 டபிள்யூ 50-ம்பான், பல்சர்னா 20 டபிள்யூ 50-ம்பான், உனக்கு 10 டபிள்யூ 30. ஆயிலோட தரத்துக்கு ஏபிஐ எஸ்எல், எஸ்என்னு எழுத்து இருக்கும். பள்ளிக்கூடச் செக்சன் மாதிரிதான், பின்னால வர்ற எழுத்து புதுசு. அவன் சொன்ன எழுத்தோ அதுக்குப் பிந்துனதோ இருக்கோணும், எம்ஏ இருக்கோணும், நம்பர் ஒத்துப் போகோணும். இந்த மூணும் சரீன்னா எந்தக் கம்பெனியா இருந்தா என்ன? ஆனா முத்திரை ஒடையாத டப்பாவாப் பாத்து வாங்கு. அசல் டப்பாவுல கழிச்ச ஆயில அடைச்சு விக்கறவனும் இருக்கான். அதனாலதான் நான் காலி டப்பாவக் கத்தியில கீறிட்டுத்தான் வீசறது.

ஆயில் கருத்துப் போச்சுன்னு பதினஞ்சு நாள்ல மாத்தப் போகாத. நம்மூர்ல ப்ளீச்சிங் பட்டறையில துணி வெளுத்த தண்ணி எப்பிடி இருக்கும்? அழுக்காத்தான இருக்கும்? ஆயில்லயும் சோப்பு மாதிரி மருந்து இருக்குது. கரியக் கழுவி எடுத்துக்கும். கருத்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பால் விட்ட காப்பியாட்ட ஆனாத்தான் பயப்படோணும், அது தண்ணி பூந்த அடையாளம். கழிச்ச ஆயில மட்டும் சாக்கடையில ஊத்திடாத கண்ணு. நொய்யல் நாம ஊத்துனதெல்லாம் குடிச்சுக் குடிச்சு, கடைசியில 2011 சனவரியில ஐகோர்ட்டு வந்து சாயப்பட்டறைகள மொத்தமா மூடச் சொன்ன அன்னிக்கு இந்த ஊரு எப்பிடிக் கெடந்துச்சுன்னு உங்கப்பனக் கேளு. மெக்கானிக்கு பேரல்லு வெச்சிருப்பான், அதுல ஊத்தச் சொல்லு.

பேச்சு வாக்குல நேரம் போயிருச்சு. வண்டி ஆறியிருக்கும், எண்ணெய் எல்லாம் அடியில எறங்கியிருக்கும். இந்தா, பனியன் வேஸ்ட்டு. நாட்டுல இருக்கற ஒர்க்‌ஷாப்புல பாதி இந்தத் துணியிலதான் கையத் தொடைக்குது. போய் அந்த ஆயில் ஸ்டிக்கைத் திருகி எடு. தொடை. மறுபடி உள்ள விடு, திருகாத, சும்மா வெச்சு எடு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல நனைஞ்சிருக்கோணும். மேல் கோட்டத் தாண்டி ஊத்தறவனும் முட்டாள்தான், சீல் பிச்சுக்கிட்டு ஒழுகும். கடைசியா எப்பப் பாத்த? தீபாவளிக்கா? எந்தத் தீபாவளி?

என்ன, பேச்சையே காணோம்? எடுத்தயா, இல்லையா? எங்க காட்டு.

அட, தொடைக்கறதுக்கே ஒண்ணும் இல்லையே! குச்சி ஊதுபத்திக் குச்சியாட்டக் காஞ்சு கெடக்குது. இதுக்கா மூணு ராத்திரி எஸ்டரு, சிந்தடிக்கு, ரேஸு? வண்டியத் தள்ளிட்டே முக்குக் கடைக்குப் போ. ஸ்டார்ட் பண்ணிராத. அந்த வேஸ்ட்டுத் துணிய என்ன பண்ணறதுன்னு பாக்கறயா? வெச்சுக்க, மூஞ்சி வேர்த்திருக்குது பாரு.