பூதத்துக்குக் கண் திறக்கவில்லை

மலேசியாவின் பீடோங் ஊரில் காசு கொடுத்துப் பூதம் வாங்கும் ஆள் நான் ஒருவன்தான் என்று பெரியம்மா உறுதியாக நம்புகிறார். மற்றவர்கள் காசு கொடுத்து ஓட்டுகிறார்களாம்.

பூதத்தின் உயரம் 28 மில்லிமீட்டர். நாட்டிங்ஹாமில் தலைமையகம் வைத்திருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் 'வார்ஹாமர்' படையைச் சேர்ந்தது. 1983இல் தொடங்கிய விளையாட்டு. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, ஒட்டி, சாயம் பூசி, மேசையில் அணிவகுக்கவைத்து, பகடை உருட்டி எதிராளியின் படையோடு மோதவிட வேண்டும். பீடோங்கில் எனக்கு எதிராளி கிடைக்கவில்லை. ஆகவே என் படை இன்றுவரை தோற்றதில்லை.

சாயம் பூசப் பொறுமையில்லாதவர்களுக்கென்றே ஒரு முறை இருக்கிறது. முதலில் பூதம் முழுக்க எலும்பு நிறத்தில் வெளிறிய அடிப்பூச்சு. காய்ந்ததும் 'வாஷ்' என்கிற நீர்த்த சாயத்தைத் தாராளமாக மேலே விட வேண்டும். அது மேட்டில் நிற்காது. பால்மரத்தின் வெட்டு வழியே பால் மங்குக்கு இறங்குகிற மாதிரி, விலா எலும்பின் இடுக்கு, மூக்கோரம், பல்சந்து என்று பள்ளம் பார்த்துப் போய்த் தங்கிவிடும். துருத்திய இடம் வெளிறியே நிற்கும். நிழலும் வெளிச்சமும் தயார். கலைஞர் அதற்குள் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம்.

அடி ஏன் வெளிறியிருக்க வேண்டும்? வாஷ் ஒளி ஊடுருவும் சாயம். உள்ளே போன வெளிச்சம் அடிப்பூச்சில் பட்டுத் திரும்பினால்தான் நிறம் கண்ணுக்குத் தெரியும். கறுப்பு அடியின்மேல் பச்சை வாஷ் ஊற்றினால் பூதம் கறுப்பாகவே இருக்கும், டப்பாதான் காலியாகும். 2019இல் அதே நிறுவனம் 'காண்ட்ராஸ்ட்' என்று, நிறத்தையும் நிழலையும் ஒரே பூச்சில் தரும் சாயங்களை வெளியிட்டது. கூடவே வெளிறிய அடிப்பூச்சு ஸ்ப்ரேக்களும். தேர்ந்த கைகள் சில இதெல்லாம் ஏமாற்று வேலை என்று முகம் சுளித்தன. புவியீர்ப்பை வேலைக்கு வைத்துக்கொள்வதில் என்ன ஏமாற்று? நியூட்டனே கூலி கேட்கவில்லை.

ஸ்ப்ரேக்குத்தான் வானம் ஒத்துழைக்க வேண்டும். குனோங் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு, வருகிற மேகத்தையெல்லாம் பிடித்து எங்கள் தலையில் பிழிகிறது. ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு சொரசொரக்கும், வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறிய பின், மழை இறங்கும் முன் அடித்து முடிக்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் முதலாளி என்னைத் தேடுவார்.

ஆனால் மழையைக் குறைசொல்லவும் மனமில்லை. மெர்போக்கில் இருக்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டி என்ற பழங்கோயிலைப் பாருங்கள். கல்லிடுக்கெல்லாம் கறுத்து, விளிம்பு மட்டும் வெளுத்து, அத்தனையும் மழை அடித்த வாஷ். வருகிறவர்கள் கடாரம் வென்ற ராஜேந்திர சோழனைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, நான் குனிந்து இடுக்கைப் படமெடுத்துக்கொண்டிருப்பேன்.

பெரியம்மாவின் புகார் வேறு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சிலைக்குச் சாயம் பூசும் முறை அவருக்கு அத்துப்படி. தமிழ்நாட்டிலிருந்து வரும் சிற்பிகள் சுதைக்கு வெள்ளையடித்து, வர்ணம் ஏற்றி, கடைசியில்தான் கண் திறப்பார்கள். மூலவர் என்றால் தங்க ஊசி.

"என்னய்யா, எல்லாத்துக்கும் கண்ணு இருட்டா கெடக்கு? தொறக்கலையா?"

"ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல பெரியம்மா, எங்க தொறக்கறது?"

"தொறக்காத வரைக்கும் நல்லது. தொறந்தா சோறு கேக்கும்."

கண்குழியில் பழுப்பு வாஷ் ஒரு சொட்டு விட்டால் போதும், பூதம் முறைப்பது போலவே இருக்கும். இது சோம்பேறிகளின் தொழில் ரகசியம். இப்போது அதற்குச் சாஸ்திரத்தின் ஆதரவும் கிடைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணன் கோயில் கமிட்டிக்காரர். பூதத்தை மூக்குக் கண்ணாடி போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நம்ம முனீஸ்வரருக்கும் இப்படியே பண்ணிடலாமா?" என்றார். கணக்குப் போட்டோம். முனீஸ்வரர் பன்னிரண்டு அடி. பூதத்தைப்போல 130 மடங்கு உயரம். பரப்பு என்றால் 130ஐ 130ஆல் பெருக்க வேண்டும்: 16,900 மடங்கு. பூதத்துக்கு ஒரு மில்லி என்றால் சாமிக்குப் பதினேழு லிட்டர். 18 மில்லி டப்பாவில் தொள்ளாயிரத்துச் சொச்சம். விலையால் பெருக்குவதற்குள் அண்ணன் கால்குலேட்டரை அணைத்துவிட்டார்.

ஆசை மட்டும் அணையவில்லை. அவர் வீட்டு வாசல் தூண்களில் புதிதாக வாங்கி வைத்த வெள்ளைச் சிமெண்டுச் சிங்கங்கள் இரண்டு. சுவருக்கு அடித்து மிஞ்சிய பழுப்புச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து அவற்றின் தலையில் ஊற்றினார். பிடரி அற்புதம்! மயிர் மயிராக எழுந்து நின்றது. ஆனால் வாஷுக்கு மேடு பள்ளம் வேண்டும். வழவழப்பான இடத்தில் திட்டாகத் தேங்கி, காயும்போது ஓரமெல்லாம் கறைக்கோடு போட்டுவிடும். சிங்கத்தின் வயிறும் தொடையும் வழவழப்பு. ஈரப் பிரஷால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வெயில் காயவைத்துவிட்டது.

சந்தைக்குப் போயிருந்த அண்ணி திரும்பி வந்து, பையைக் கீழே வைக்காமல் தூணைச் சுற்றி வந்தார்.

"முந்நூறு வெள்ளி சிங்கம். எவன் வீட்டு நாய் பண்ண வேலைலா இது?"

அண்ணன் என் வீட்டைக் காட்டினார். நான் நாய் வளர்ப்பதில்லை.