ஊசி கோக்கத் தெரியாம ஓடாதலே

ஏலே பேராண்டி, லீவு விட்ட நாளா அந்த ஹக்கிள்பெரி ஃபின் கதையை எனக்கு வாசிச்சுக் காட்டுன. நேத்துச் சோறு திங்கையில, "ஊரும் வேண்டாம், சாதிசனமும் வேண்டாம், நானும் இப்படிப் போயிருவேன் தாத்தா"ன்ன. போயேன். நான் என்ன பஸ்ஸுக்கு முன்னால படுத்தா மறிக்கப் போறேன்? பையில சார்ஜரை மறக்காம வச்சிருக்கியாமே, உங்க ஆத்தா சொன்னா.

அந்தப் பய ஹக் மிசிசிப்பி ஆத்துல இறங்கையில, அவனுக்குச் சேர வேண்டிய 6,000 டாலர் நீதிபதிகிட்டப் பத்திரமா கெடக்கு. குடிகார அப்பன் அடிச்சது கொடுமைதான், இல்லேங்கல. ஆனா அதே தெப்பத்துல ஏறுன அடிமை ஜிம்முக்குக் காசு ஏது? அவனே ஒரு வெலை. எசமானியம்மாவுக்கு 800 டாலர் ஆசை வந்திருச்சு, நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வித்துருவாளோன்னுதான் ஓடுறான். பிடிச்சுக் கொடுத்தா 300 டாலர் வெகுமதி. அகப்பட்டா இவனுக்குப் பள்ளிக்கூடம், அவனுக்குச் சந்தை. நீ ஓடுனா இதுல எந்த ஆளுன்னு யோசிச்சியா? உங்கப்பன் ஏ.டி.எம். கார்டும் பையிலதான இருக்கு?

எனக்கு ஆகாதவன் ஹக்கோட கூட்டாளி அந்த டாம் சாயர். உன்னை மாதிரியே புஸ்தகந்தின்னி. ஜிம்மை ஒரு குடிசையில அடைச்சுப் போட்டிருக்கு. வெளிய கூட்டியாறது லேசு. கூடாதாம்! கதையில கைதி அப்படியா தப்புவான்? ரத்தத்தால சட்டையில எழுது, பாம்பு வளர்த்துப் பழகு, எலிய கூட வச்சுக்கோன்னு வாரக்கணக்குல படுத்துறான். அந்த எசமானியம்மா சாகையில ஜிம்மை விடுதலை பண்ணி உயில் எழுதிட்டா; அது அந்தப் பயலுக்கு முதல்லயே தெரியும்லே! அத்தனையும் முடிஞ்சபெறகு, பட்ட பாட்டுக்குக் கூலியா 40 டாலர் நீட்டுறான். அதுக்கு முந்தி ஒரு ஏமாத்துக்காரன் ஜிம்மைக் காட்டிக்கொடுத்து வாங்குனதும் அதே 40தான். 1884ல வெளிவந்த இந்தக் கதையை எழுதுன மார்க் ட்வெய்ன் லேசுப்பட்ட ஆளில்ல.

எனக்குப் பிடிச்ச இடம் வேற. பொம்பளப்புள்ள வேசங்கட்டி, கவுனும் தொப்பியுமா ஹக் ஒரு வீட்டுக்கு வேவு பாக்கப் போறான்ல? கை சும்மா இருக்க மாட்டாம ஊசியை எடுத்தான். நூலை அசையாமப் பிடிச்சுக்கிட்டு ஊசியை அதுகிட்டக் கொண்டுபோனான். போச்சு! வீட்டுக்காரம்மா கண்டுக்கிட்டா. கூப்பாடு போடல, திங்கக் கொடுத்து, ஊசியை எப்படிப் பிடிக்கணும்னும் சொல்லிக்கொடுத்து அனுப்புனா.

சரி, அந்தா சாக்கு வாய் பிரிஞ்சு கெடக்கு. கோணியூசியும் சணலும் திண்ணையில இருக்கு. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு, தச்சுட்டுப் போ.

ஏலே, சணலை ஏம்ல அசையாமப் பிடிச்சிருக்க?