வெயில் சாயட்டும், கிளம்பலாம்

கேள்வி: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. அப்பா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் மதுரைக்கு வருகிறோம். எதையெல்லாம் பார்ப்பது? ஒரு பட்டியல் கொடுங்களேன்.
(வாசகர், பெங்களூரு)

பதில்: பட்டியல் அப்புறம். முதலில் கடிகாரம். மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரம் மாதக் கடைசிவரை போகும். அந்த நாட்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதுச் செய்தி இல்லை. ஆனால் விடியலில் எழுந்தவர் பார்க்கிற மதுரை வேறு, பத்து மணிக்கு எழுந்தவர் பார்க்கிற மதுரை வேறு.

முதல் நாள் காலை ஐந்தரைக்கெல்லாம் மீனாட்சியம்மன் கோயில் வாசலில் இருங்கள். செருப்பைக் கழற்றித்தானே உள்ளே போக வேண்டும்? அந்த நேரத்தில் ஆடி வீதியின் கல் பாதத்துக்குக் குளிர்ச்சி. பதினொரு மணிக்குமேல் அதே கல் உங்கள் அம்மாவை ஓட வைக்கும். அம்மனே மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கிறாள். இதைவிட நல்ல பயண ஆலோசனையை யார் தரப்போகிறார்கள்? அவள் சாத்தியிருக்கும் நேரம் முழுக்க நீங்களும் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குங்கள். கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 2018 முதல் அதைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது.

வெயில் சாய்ந்ததும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. தண்ணீர் இருந்தால் காற்று ஈரமாக வரும். இல்லாவிட்டாலும் படியில் உட்கார்ந்து பேச அதைவிட விசாலமான திண்ணை ஊரில் கிடையாது. ஜிகர்தண்டா அன்றைக்கு. நுங்கும் பதநீரும் மறுநாளைக்கு. இரண்டும் கோடை தரும் சலுகை, டிசம்பரில் வருகிறவருக்குக் கிடைக்காது.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக்குளத்தைப் பார்த்துவிட்டுப் படியேறி, எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். பாறை சூடேறிவிட்டால் மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில். அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்குமேல் கீழடி போகலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியது. வெயில் நேரத்துக்கு நிழலும் உண்டு, சங்ககாலமும் உண்டு. அகழாய்வுக் குழிகளையும் பார்க்க ஆசையென்றால் கோடைதான் தோது. பொதுவாக ஐப்பசி மழைக்கு முன்பே வேலையை முடித்து மூடிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலை நாயக்கர் மகால். மாலைக்கு எதையும் எழுதாதீர்கள். காலையெல்லாம் தரை காய்ந்து, கடல் பக்கத்து ஈரக்காற்றும் உள்ளே வந்துவிட்டால், மூன்று மணிக்குமேல் மேற்கே கறுப்பு மேகம் கோபுரம்போல் எழும்பும். நாலரைக்குப் புழுதிக்காற்று, ஐந்துக்கு இடி, ஐந்தரைக்கு மழை. அந்த நேரத்தில் மொட்டைப் பாறையிலோ தனிமரத்தடியிலோ நிற்கக்கூடாது. தங்கியிருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்துவைத்து மண்வாசம் பிடியுங்கள். மழை வராவிட்டால் அந்த மாலை உங்கள் அப்பா கேட்கிற இடத்துக்கு.

கேள்வி: சித்திரைத் திருவிழாவைப் போய் ஊரே கொதிக்கிற மாதத்தில் வைத்திருக்கிறார்களே, மழை முடிந்து குளுகுளுவென்று இருக்கிற தை, மாசியில் வைத்திருக்கக் கூடாதா?
(கல்லூரி மாணவி, மேலூர்)

பதில்: மாசியில்தான் இருந்தது, தாயி! மீனாட்சி திருக்கல்யாணம் ஒரு காலத்தில் மாசி மாதத்து விழா. அழகர் சித்திரையில் மலையிறங்கி வந்தது சோழவந்தான் பக்கத்துத் தேனூருக்கு. இரண்டையும் சித்திரையில், மதுரையில் ஒன்றாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) என்பது ஊர் வழக்கு. காரணமும் சொல்வார்கள்: மாசியில் அறுவடை வேலை. வயலில் நிற்பவன் தேர் வடம் பிடிக்க எப்படி வருவான்? சித்திரையில் நெல் வீடு சேர்ந்திருக்கும், கையில் நாலு காசு இருக்கும், வயலில் வேலை இருக்காது. அழகர் இறங்குகிற ஆறும் வற்றி, இலட்சக்கணக்கான சனம் நிற்க மணல் திடலாகக் கிடக்கும். வானிலையையும் வேளாண்மையையும் கையில் வைத்துக்கொண்டு போட்ட பயணத் திட்டம் அது. உடம்புக்கு எந்த மாதம் சுகம் என்று அவர் பார்க்கவில்லை, உழவனுக்கு எந்த மாதம் ஓய்வு என்று பார்த்திருக்கிறார். எனக்கு அந்தக் கணக்குப் பிடித்திருக்கிறது.

சாட்சி வேண்டுமா? சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதிகளில்! விழா மாதம் மாறிவிட்டது, வீதி மாறவில்லை. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று நாட்காட்டியைத் தெருவாகப் போட்டு அதில் குடியிருக்கிற ஊர் இது. எப்போது வரலாம் என்று கேட்கிறவருக்குத் தெருப்பலகையே பதில் சொல்லும்.

வெயிலுக்கு மருந்தும் விழாவுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். வழியெல்லாம் நீர்மோர், பானகப் பந்தல். ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி அழகர்மேல் பீய்ச்சுகிறார்களே, அது சாமிக்கு வெக்கை தணிக்கிற அன்பு. அந்தத் தூறல் சுற்றி நிற்கிற சனத்துக்கும் பாதி விழும். சிறுவயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தத் துளியை முகத்தில் வாங்கியிருக்கிறேன், இன்றுவரை அதற்கு ஈடான குளிர்ச்சி எந்த மலையிலும் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2022-இல் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு உயிர் போனது. கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வருகிறவர்கள் ஆற்றுக்குள் முண்ட வேண்டாம். அழகர் அடுத்தடுத்த நாட்களில் மண்டபம் மண்டபமாகத் தங்கி வருவார். அங்கே நிதானமாக, முகம் பார்த்துக் கும்பிடலாம்.

கேள்வி: மகள் ஐஸ்லாந்தில் வேலை பார்க்கிறாள். எங்களை வரச் சொல்கிறாள். நள்ளிரவுச் சூரியனும் பார்க்க வேண்டும், வானத்தில் பச்சையாக ஆடுமே அந்த ஒளியும் பார்க்க வேண்டும். எந்த மாதம் டிக்கெட் போடலாம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி, திருநகர்)

பதில்: பந்தியில் இலை போடுவதும் எடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்காது, ஐயா. வடதுருவ ஒளி தெரிய வானம் இருட்டாக வேண்டும். நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்க வேண்டுமென்றால் இருட்டே வரக்கூடாது. ரெய்க்யவிக் நகரம் வடக்கே 64 பாகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் அங்கே பகல் 21 மணி நேரம். டிசம்பரில் நாலு மணி நேரம்தான். நமக்கு மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வித்தியாசம். அதனால்தான் "விடிந்ததும் கிளம்பலாம்" என்று பேசிப் பழகிவிட்டோம். அங்கே அந்தப் பேச்சு செல்லாது.

நடு மலைப்பகுதிச் சாலைகள் பனியில் மூடிக்கிடந்து பெரும்பாலும் ஜூன் கடைசியில்தான் திறக்கும். பஃபின் என்ற வண்ண மூக்குப் பறவைகள் ஏப்ரல் கடைசியில் வந்து ஆகஸ்டில் கடலுக்குப் போய்விடும். பச்சை ஒளி செப்டம்பர் தொடங்கி ஏப்ரல்வரை. பச்சை ஒளியும் வேண்டும், மலைச்சாலையும் வேண்டுமென்றால் என் வாக்கு செப்டம்பர் முதல் பாதிக்கு: இரவு வந்திருக்கும், சாலை மூடியிருக்காது. ஆனால் மேகம் இருந்தால் ஒளி தெரியாது. ஆகவே அதற்கென்று ஒரே இரவை ஒதுக்காமல் நாலைந்து இரவு கையில் வையுங்கள்.

தீவைச் சுற்றிவரும் சாலை சுமார் 1,300 கிலோமீட்டர். அதை ஐந்து நாளில் முடித்துவிட்டேன் என்பவர் பார்த்தது தார்ச்சாலையைத்தான். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நின்று பாருங்கள். குளிரைவிடக் காற்றுதான் அங்கே பெரிய ஆள். காரின் கதவைப் பிய்த்துவிடும், கையால் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். ரெய்னிஸ்ஃப்யாரா கறுப்பு மணல் கடற்கரையில் சொல்லாமல் ஓர் அலை உள்ளேறி ஆளை இழுத்திருக்கிறது, தண்ணீருக்கு முதுகு காட்டக்கூடாது. ரெய்க்யனஸ் பகுதியில் 2021 முதல் எரிமலை விட்டுவிட்டுப் பொங்குகிறது. கிரிண்டவிக் ஊரையே 2023 நவம்பரில் காலி செய்தார்கள். எனவே தினமும் காலையில் அந்நாட்டு வானிலைத் துறையின் அறிவிப்பைப் பார்க்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். "இன்றைக்கு வெளியே வேண்டாம்பா" என்று அவள் சொன்னால் அன்றைக்கு ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு மகளோடு பேசிக்கொண்டிருங்கள். நீங்கள் போவதே அதற்குத்தானே!

கேள்வி: யானைமலை எரிமலையா?
(ஆறாம் வகுப்பு, ஒத்தக்கடை)

பதில்: இல்லை, தங்கம். பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறி, மேலே இருந்த மண்ணெல்லாம் கரைந்தபின் வெளியே வந்த பாறை. வயது ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேல். மேலே இருக்கும் கடிதத்தில் ஐஸ்லாந்து வருகிறதே, அந்தத் தீவின் மிகப் பழைய பாறைக்கே இரண்டு கோடி ஆண்டு ஆகவில்லை. நம் யானைக்கு முன்னால் அது கைக்குழந்தை. நம் நாட்டில் இப்போதும் புகைகிற எரிமலை அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு. கப்பலில் இருந்துதான் பார்க்க முடியும், இறங்க விடமாட்டார்கள்.

கேள்வி: குற்றாலத்தில் சீசன் இல்லாத நேரத்தில் போனால் கூட்டமில்லாமல் குளிக்கலாமே?
(வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: ஜூன் முதல் செப்டம்பர்வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவருகிறது. அதே காற்று நம் மதுரைக்கு வரும்போது மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, ஆடிப் புழுதியோடு வெறுங்கையாக வருகிறது. நாம் அங்கே ஓடுவது நியாயம்தான். ஆனால் சீசன் இல்லாத நேரத்து வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் கோடைமழை வெள்ளம் திடீரென்று இறங்கி ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது. நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மழை மேலே காட்டில் பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, அருவியின் சத்தம் கனத்தாலோ, தலையில் சோப்பு நுரை இருந்தாலும் அப்படியே வெளியே வந்துவிடுங்கள். கும்பக்கரை, சுருளி அருவிகளுக்கும் இதே பேச்சுத்தான்.

கேள்வி: மார்ச்சில் நண்பர்கள் ஏழு பேர் தேனிப் பக்கம் மலையேற நினைத்தோம். தீக்காலம் என்று வனத்துறை பாதைகளை மூடிவிட்டார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வேறு வழியில் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். போகலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தீ கொண்டுபோனது. உங்களைப்போல் வார விடுமுறைக்கு வந்த இளையவர்கள். தையில் பச்சையாக இருக்கும் புல் மாசி, பங்குனியில் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டு ஓடும். மனிதன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவான், தீக்கு ஏற்றம்தான் சுலபம். காற்று திரும்பினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அந்த மலையிலேயே பிறந்தவருக்கும் தெரியாது.

பாதையை மூடியிருக்கிறார்கள் என்றால் அங்கே ஏதாவது நடந்தால் தேடி வர ஆள் இல்லை என்று பொருள். மழை ஓய்ந்த மார்கழி, தையில் போங்கள். 2024-இல் தமிழக அரசு நாற்பது தடங்களை முறைப்படுத்தி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த மாதங்களில் ஓடையில் தண்ணீர், புல்லில் பச்சை, மலைக்கு அப்பால் சமவெளி முழுக்கத் தெளிவாகத் தெரியும். மார்ச்சில் போனால் வெக்கைப் புகைமூட்டத்தில் எதிர்மலைகூடத் தெரியாது. உங்கள் ஏழு வீட்டுக்கும் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மதுரையைப் பார்க்க ஒரே ஒரு மாதம் சொல்லுங்கள்.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தை. முதல் மூன்று நாளில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. பூசத்தன்று தெப்பத்தில் அம்மனும் சுவாமியும். சோழவந்தான் பக்கம் வயல் பச்சை. நேரம் இருந்தால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். வந்த பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அந்த ஊருக்குப் போனால் நீங்களும் மெதுவாகப் பேசுங்கள். ஒரே குறை, பனியில் செடி பூக்காமல் மல்லிகை விலை ஏறியிருக்கும். ஒரு முழம் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு முழத்துக்குக் கோடையில் வாருங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. 2018-இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது முழங்கால் வலியால் போகவில்லை. அடுத்து எப்போது?
(வாசகி, உசிலம்பட்டி)

பதில்: 2030, அம்மா. ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை பூக்கும். அது மலையில் மழையும் மூடுபனியும் உள்ள காலம். 2018 ஆகஸ்டில் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து மூணாறு போக நினைத்தவர்களைக் கேரள வெள்ளம் தடுத்துவிட்டது. அதனால் ஒரே நாளில் போய்வருகிற திட்டம் வேண்டாம், மூன்று இரவு தங்குங்கள். கொடைக்கானல் நம் ஊரைவிட இரண்டாயிரம் மீட்டர் உயரம், பன்னிரண்டு, பதிமூன்று டிகிரி குளிர் கூடும். முழங்காலுக்குக் கம்பளி உறை கட்டாயம். வண்டிக்கு இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கும், பேரனைச் செய்யச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குள் மஞ்சு விலகியிருக்கும் நேரமாகப் பார்த்து, வண்டி நிற்கிற இடத்திலிருந்தே தெரிகிற சரிவாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். நடக்க வேண்டாம். பூத்த ஆண்டில் சரிவே நீலமாக இருக்கும், சாலையோரத்தில் இருந்தே தெரியும். முழங்காலுக்கு வைத்தியம் பார்ப்பதை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.