கொடிக்குப் பின்னால போற மாப்ளைக்கு

இன்னா மாப்ளே, சிங்கப்பூரு, மலேசியா ரெண்டையும் ஒரே டூருல பாத்துட்டு வரப் போறியாமே! உங்கம்மா, அதான் எந்தங்கச்சி, அடி அண்ணாமலை கோயிலாண்ட பூக்காரிகிட்ட சொல்லிட்டா. இனிமே நீ தனியா நோட்டீஸ் அடிக்க வேணாம், செலவு மிச்சம்.

நான் பிளேன்ல ஏறினவன் இல்ல. மல்லாட்டைக் காட்டுல நின்னுகினு அண்ணாந்து பாத்ததோட சரி. ஆனா உனக்குப் புத்தி சொல்ற தகுதி எனக்கு இருக்குது. நான் வெளிநாட்டுக்குப் போகலையே தவிர, வெளிநாடு என் எதிர்க்க வந்துகினேதான் இருந்துது. பால் பிரண்டன்னு ஒரு வெள்ளைக்காரரு 1931ல நம்ம திருவண்ணாமலைக்கு ரமணரைப் பாக்க வந்தாரு, 1934ல புத்தகம் போட்டாரு. அதைப் படிச்சிட்டு வர ஆரம்பிச்ச கூட்டம் இன்னும் நிக்கல. செங்கம் ரோட்டு டீக்கடை பெஞ்சுல குந்தினா போதும். ஆட்டோவுல இருந்து எறங்கறப்பவே சொல்லிடுவேன், இதுல யாரு காசை வுடுவாங்க, யாருக்கு வயித்தால போவும், யாரு பாஸ்போர்ட்டைத் தொலைச்சிட்டு நடுரோட்டுல அழுவாங்கன்னு. உனக்கு மட்டும் தெரியாதா? அதே ரோட்டுலதானே ருத்ராட்சக் கடை வெச்சிருக்கிற. நூத்தம்பது ரூபா மாலையை இமயமலையில இருந்து சாமியாரு குடுத்தனுப்பினதுன்னு ஆயிரத்துக்குத் தள்றவனாச்சே நீ. அந்த வித்தையெல்லாம் இப்போ உம்மேலயே நடக்கப் போவுது. டூரு முடியற வரைக்கும் நீதாண்டா வெள்ளைக்காரன்.

அதனால மொதல்ல அந்த டூரு பேப்பரை எடு. சிங்க மூஞ்சி மீனு தண்ணி துப்புற படம் போட்ட பக்கத்தை அப்பால பாத்துக்கலாம். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல 'சேராதவை'ன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதைப் படி. மத்தியானச் சாப்பாடு சேர்த்தியா? விசா காசு? கூட வர்றவனுக்கு, டிரைவருக்கு டிப்ஸ்? 'விருப்பப்பட்டால்'னு போட்டிருக்கிறானே, அது எதெது? புள்ளைங்க எதைப் பாக்கணும்னு துடிக்குதோ அதையெல்லாம் அந்த 'விருப்பப்பட்டால்' கீழத்தான் போட்டிருப்பான். ரூமு ஊருக்குள்ளயா, பஸ்ஸு புடிச்சிப் போற தூரத்துலயான்னும் கேளு. கிரிவலப் பாதையில ரூமுன்னு சொல்லிட்டு நம்ம ஆளுங்க மங்கலம் பக்கமாக் கொண்டுபோய் எறக்கறது உனக்குத் தெரியாததா?

பணம் கட்டறப்போ டிசிஎஸ்னு ஒரு வரி புடிப்பாங்க. அய்யோ போச்சேன்னு ஒப்பாரி வெக்காதே. பான் நம்பரைச் சரியாக் குடுத்திருந்தா, வருஷக் கடைசியில வரிக் கணக்குல கழிச்சிக்கலாம். வரிக் கணக்கே காட்டறதில்லையா? அப்போ வை ஒப்பாரி.

பாஸ்போர்ட்டுக்கு வருவோம். வர்ற தேதிக்கு அப்பாலயும் ஆறு மாசம் உயிரு இருக்கணும் அதுக்கு. உன்னுது பத்து வருஷம் ஓடும், புள்ளைங்களுது அஞ்சே வருஷம். நம்ம வூட்டுல ஆளாளுக்கு ஒரு எழுத்து வேற. ரேஷன் கார்டுல ஒரு அண்ணாமலை, ஆதார்ல ஒரு அண்ணாமலை, இங்கிலீசுல எழுதினா ரெண்டும் சொந்தக்காரங்க மாதிரிகூட இல்ல. டிக்கெட்டுல பாஸ்போர்ட்டுல இருக்கிற பேரு எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கணும். நமக்கு இனிஷியல்தானே, குடும்பப் பேரு ஏது? அந்தக் கட்டத்தைச் சும்மா வுட்டவங்க எத்தனையோ பேரு. 2022 நவம்பர்ல அமீரகத்துக்காரங்க, பாஸ்போர்ட்டுல ஒத்தைப் பேரு மட்டும் இருந்தா டூரிஸ்ட் விசாவுல உள்ள வுட மாட்டோம்னுட்டாங்க. துபாய் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு மீனம்பாக்கத்தோட திரும்பறது எவ்ளோ பெரிய மானக்கேடுன்னு யோசிச்சுக்க.

சிங்கப்பூருக்கு விசா எடுக்கணும். மலேசியா 2023 டிசம்பர்ல இருந்து நம்ம ஆளுங்களை விசா இல்லாமலே 30 நாளைக்கு வுடுது. ரெண்டு ஊருக்குமே வந்து எறங்கற சீட்டை போன்லயே எழுதணும், போறதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள. எம்பேத்திதான் படிச்சிக் காட்டினா. அரசாங்கத்துப் பக்கத்துல அது இனாம். அதே மாதிரி ஜோடிச்ச பக்கம் நாலு இருக்குது, அவன் காசு கேப்பான். இனாமாக் குடுக்கிற திருநீறைப் பொட்டலம் கட்டி வித்தவன் பரம்பரையில வந்தவன் நீ, அந்த இடத்துல மட்டும் ஏமாந்துறாதே.

இப்போ உம்பொண்டாட்டி கட்டற மூட்டை. தப்பா சொல்லல, அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, சமைக்கிற கை. ஆனா குருமாப் பொடியில கசகசா போட்டு அரைச்சிருந்தா அதை இங்கயே வெச்சிட்டுப் போ. சிங்கப்பூருல கசகசாவுக்குத் தடை. அபினிச் செடி விதையாம், போதைப் பொருள் ஆபீசரு கணக்குல வருது. நாலு பேரு சாப்பாட்டுக்கு எடுத்துகினு போனேன்னு அவங்ககிட்ட விளக்கம் சொல்ல உனக்கு எவ்ளோ இங்கிலீசு வரும்? கொப்பரையும் வேணாம். அதுல இருக்கிற எண்ணெய் தானாச் சூடேறித் தீப்புடிக்கும்னு பிளேன் பெட்டியில 2022ல தடுத்துட்டாங்க. முழுத் தேங்காயைக் கையில எடுத்துகினு ஏறவும் வுடறதில்ல. சபரிமலைக்குப் போறவங்க இருமுடிக்கே 2024ல தனியா விலக்கு குடுத்தாங்கன்னா பாத்துக்க. கற்பூரம், தீப்பெட்டி ரெண்டும் ஆவவே ஆவாது. அங்க இருக்கிற சாமிக்கு அங்கயே கற்பூரம் விக்கிறாங்க. ஊறுகா, நெய், தைலமெல்லாம் கைப்பையில 100 மில்லிக்கு மேல கூடாது, பெட்டியில போடு. போனுக்குச் சார்ஜ் ஏத்துற பவர்பேங்க் அதுக்கு நேர் எதிரு, கைப்பையிலதான் வெக்கணும். ஓட்டல் சுவத்துல மூணும் கட்டைக் காலா இருக்கிற பிளக்கு, ஒரு மாத்துக் கட்டை வாங்கிக்க.

எம்மாம் பெட்டின்னு கேக்க மறந்துட்டேன். சிங்கப்பூருல இருந்து மலேசியாவுக்கு பஸ்ஸுலதானே? ரெண்டு நாட்டு எல்லையிலயும் எறங்கணும், பெட்டியையும் உருட்டிகினு போவணும். தூக்கறது யாருன்னு இப்பவே முடிவு பண்ணு. உங்கம்மா இல்ல.

உங்கம்மான்னதும் ஞாபகம் வருது. அந்தச் சுருக்குப்பையை ஒருநாள் கவுத்துப் பாரு. வெத்தலை, கொட்டைப்பாக்கு, மஞ்சப் பல்லு மாதிரி ஆயிட்ட சுண்ணாம்பு டப்பி, நாலா மடிச்ச பேப்பருல பொகையில, அதுக்கடியில பேங்க் டோக்கனு, துருப்புடிச்ச ஊக்கு, யாரோ குடுத்த பத்து ரூபா. வெத்தலை இருக்கட்டும். மெல்லுற பொகையில சிங்கப்பூருக்குள்ள போவக்கூடாது. சூயிங்கம்மையே 1992ல இருந்து வுடாத ஊரு அது. மெட்ரோ ரயிலுல ஏதாவது தின்னாலே 500 வெள்ளி வரைக்கும் அபராதம் போடுவாங்க. இவ ஏறினதும் எச்சித் துப்ப எடம் தேடுவா. எனக்கு அந்த ரயிலை நெனச்சாத்தான் பாவமா இருக்குது. பொகையிலையை எடுத்துட்டு, அந்த எடத்துல ஓட்டல் விலாசம் எழுதின சீட்டு, உன் நம்பரு, பாஸ்போர்ட்டு நகலு, ரெண்டு நாளைக்குச் சக்கரை மாத்திரை, டாக்டரு சீட்டு எல்லாத்தையும் வை. பேங்க் டோக்கனை எடுத்தா மட்டும் சண்டைக்கு வருவா, அதை வுட்டுடு.

வழி தவறிடுவாளோன்னு பயந்துக்காதே. பௌர்ணமிக்கு லட்சம் லட்சமா ஜனம் சுத்துற 14 கிலோமீட்டருல அவளை என்னைக்காவது தொலைச்சிருக்கிறியா? நிருதி லிங்கத்தாண்ட நில்லும்மா, வந்துர்றேன்னு சொல்லுவ, நிப்பா. அங்கயும் ஒவ்வொரு எடத்துலயும் எறங்கினதும் ஒரு நிருதி லிங்கத்தைக் காட்டிடு. ஒரு தூணு, ஒரு கடிகாரம், ஏதோ ஒண்ணு. டூருக்காரன் கொடியைத் தூக்கிப் புடிச்சிகினு முன்னால போவான், அதையே பாத்துகினு இருன்னு மட்டும் சொல்லாதே. எல்லா டூருக்காரனும் கொடிதான் புடிக்கிறான். அவ வேற கொடி பின்னால போயி சீனாக்காரங்களோட சாப்புட்டுகினு இருப்பா, அதுவும் சந்தோஷமா.

நடக்கறதுக்குப் பழகு. கிரிவலம் சுத்தற காலுதான்னு மீசையை முறுக்காதே. அது வெறுங்காலு. நீ அங்க போடப்போறது ஷோரூமுல இருந்து நேத்து வாங்கின ஷூவு. சாமி சுத்தறப்போ செருப்பு வேணாம், மத்த நாளுல காய்கறி வாங்கப் போறப்போ அந்த ஷூவைப் போட்டுப் பழகு. கோலாலம்பூருகிட்ட பத்துமலையில முருகனுக்கு 272 படி. திருத்தணியில 365 ஏறினவ உங்கம்மா, அவளுக்கு அது ஒண்ணுமில்ல. மூச்சு வாங்கப் போறது நீதான். கீழ நிக்கிற தங்க முருகன் 140 அடி, 2006ல தொறந்தாங்க. அங்க நின்னு அண்ணாந்து பாத்துட்டு, எங்க ராஜகோபுரம் 217 அடின்னு கூட வந்தவங்க காதைக் கடிக்காதே. ஒரு தடவை சொல்லலாம். முழங்காலு தெரியற டவுசரோட ஏறக்கூடாது, உன் பெரிய பையன்கிட்டயும் பொண்ணுகிட்டயும் சொல்லி வை. குரங்கு உண்டு, அது நமக்குப் புதுசில்ல.

சோமர்செட் மாமுன்னு பெரிய இங்கிலீசு எழுத்தாளரு, 1938ல நம்மூரு ஆசிரமத்துக்கு வந்தாரு. வந்தவரு மயங்கி வுழுந்துட்டாரு. நம்ம ஜனம் வுடுமா? சமாதி கூடிட்டாருன்னு கதை கட்டி வுட்டுட்டாங்க. அவரோ, எனக்கு அப்பப்போ மயக்கம் வர்றதுதான்னு எழுதி வெச்சாரு. நீ சிங்கப்பூரு ரோட்டுல மயங்கி வுழுந்தா சமாதின்னு சொல்ல ஆளில்ல மாப்ளே. ஆம்புலன்ஸு வரும், ஆஸ்பத்திரி வரும், அப்பால பில்லு வரும். அதைப் பாத்து ரெண்டாவது மயக்கம் வரும். பயண இன்சூரன்சு டூருல சேர்த்தியா, உங்கம்மா வயசுக்கு உண்டா, அவளுக்கு முன்னாடியே இருக்கிற சக்கரைக்கும் பிரஷருக்கும் உண்டான்னு மூணு கேள்வியும் கேளு. ஒண்ணுக்கு மட்டும் ஆமான்னு சொல்லிட்டு டீ வாங்கிக் குடுப்பான். டீயைக் குடிச்சிட்டு மத்த ரெண்டையும் கேளு.

நம்ம ரூபா நோட்டு தலைக்கு 25,000க்கு மேல எடுத்துகினு நாட்டை வுட்டுப் போவக்கூடாது. அது போதும், வர்றப்போ ஏர்போர்ட்டுல இருந்து வூட்டுக்கு வரத்தான் அது. வெள்ளியும் ரிங்கிட்டும் இங்கயே லைசென்சு உள்ள எடத்துல மாத்திக்க, ரசீது வாங்கு. நகையைக் கழட்டி பீரோவுல வெக்கச் சொல்லு உம்பொண்டாட்டியை. முடியாதுன்னா, போறப்பவே ஏர்போர்ட்டு கஸ்டம்ஸுல காட்டி ஒரு சீட்டு வாங்கிடணும், இல்லேன்னா வர்றப்போ அங்க வாங்கினதான்னு கேப்பாங்க. வரியில்லாம தங்கம் கொண்டாரலாம்னு எவனாவது சொன்னா நம்பாதே. அந்தச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல அங்கயே இருந்துட்டு வர்றவங்களுக்கு.

டூருக்காரன் ஒரு சாக்லேட்டுக் கடையிலயோ, கல்லு கடையிலயோ பஸ்ஸை நிறுத்துவான். அரை மணின்னு சொல்லுவான், கடைக்காரன் வெளிய வந்து கும்பிடுவான். உன் கடைக்கு ஆட்டோக்காரன் ஆளு கூட்டியாந்தா நீ எப்படிக் கும்பிடுவேன்னு ஒரு நிமிஷம் நெனச்சிக்க, அப்பால உள்ள போ.

தேதியைப் போட்டாச்சா? பௌர்ணமியாண்ட இல்லையே? அன்னைக்கு ஊருக்குள்ள வண்டி நகராது, பிளேனு உனக்காக நிக்காது. கிளாம்பாக்கத்துல எறங்கி அங்கிருந்து மீனம்பாக்கம் வேற போவணும். மூணு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்டுல இருக்கணும்னா, நீ எத்தனை மணிக்குக் கெளம்பணும்னு உங்கம்மாவைக் கேளு. அவ சொல்ற நேரம்தான் சரியா இருக்கும்.

எனக்கா? எனக்கு ஒண்ணும் வேணாம். நீ கேக்கிறியேன்னு சொல்றேன், கோடாலித் தைலம் பெரிய பாட்டிலா ரெண்டு. சிங்கப்பூரு முஸ்தபா கடையில விலையை ஒட்டித்தான் வெச்சிருப்பாங்களாம். வர்றப்போ அந்த பில்லையும் சேத்து எடுத்தாந்துடு மாப்ளே, உன் வாயால சொல்ற விலைக்கு நான் காசு குடுக்க மாட்டேன்.