இல்லாத பதவிக்கு ஏது களைப்பு?

பெறுநர்: பள்ளிக் கல்வி இயக்குநர், புதுச்சேரி.
பொருள்: தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் நலம் – பாராட்டுத் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆஸ்திரேலியாவில் 2011 முதல் பள்ளித் தலைமையாசிரியர்களின் நலம் பற்றி ஆண்டுதோறும் ஆய்வு நடத்தி, அவர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவே இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான் தொடக்கப்பள்ளிக்குத் தனியாகத் தலைமையாசிரியர் தேவை. 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். அந்த இருவரில் மூத்தவர் 'பொறுப்பு'. பொறுப்பு என்றால் வேலை உண்டு, பதவி இல்லை. இல்லாத பதவி களைத்துப்போனதாக எந்த மருத்துவரும் சான்றிதழ் தர முடியாது.

சின்னப் பள்ளிதானே, என்ன பெரிய வேலை என்று தாங்கள் கேட்பது நியாயமே. பிள்ளைகள் குறைந்தால் வருகைப்பதிவேடு மெலியும். பள்ளிப் புள்ளிவிவரம் கேட்கும் யூடைஸ் படிவம் மெலியாது. கழிப்பறை எத்தனை, கைகழுவும் குழாய் எத்தனை, சாய்தளம் உண்டா என்ற கேள்விகள் 40 பிள்ளைகளுக்கும் 400 பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். மதிய உணவுக் கணக்கும் ஆதார் விவரமும் அப்படியே. மேல்நிலைப் பள்ளியில் இதற்கு எழுத்தர் இருப்பார். இங்கே, மூன்றாம் வகுப்புக்குக் கடன்வாங்கிக் கழித்தல் நடத்துபவரே எழுத்தர். கடன்வாங்கிய பத்தைக் கரும்பலகையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார்.

ஆசிரியர்களைப் பிற வேலைக்கு அனுப்பக் கூடாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கவில்லையா என்று யாராவது வாதாடலாம். தடுக்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கு மட்டும் விலக்கு. நம் ஊரில் அந்த மூன்றும் வரிசை தவறாமல் வருகின்றன. 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். அடுத்த சில நாளில் பாகூர்ப் பக்கம் தென்பெண்ணை வெள்ளம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். அடுத்து 2027 கணக்கெடுப்பு. விலக்குகளையே நாட்காட்டியாக அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்பினால், எஞ்சிய நாட்களில் பாடம் நடத்திக்கொள்வார்கள்.

கோடை விடுமுறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் மே மாத ஓய்வை நவம்பருக்குச் சேமித்து வைக்க முடிவதில்லை. மன அழுத்தம் குறைக்க யோகா பயிற்சி தரலாம் என்று இயக்ககம் நினைத்தால், வருகைச் சான்றும் புகைப்படமும் பதிவேற்றப்போவது யார் என்பதையும் யோசிக்க வேண்டுகிறேன். என் கோரிக்கை சிறியது: அரியூர் போன்ற இடத்தை மையமாக வைத்து, சுற்றியுள்ள நாலைந்து தொடக்கப்பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தர். நிதி இல்லை என்பது பதிலானால், அந்த எழுத்தரின் சம்பளம் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாம் வகுப்பின் பாடவேளைகளாகப் போகிறது.

இக்கடிதத்தின் மீது விளக்கம் கேட்பதானால், வழக்கம்போல் வாட்ஸ்அப் குழுவில் 'மிக அவசரம்' என்று போட்டு, இன்று மாலை ஐந்து மணிக்குள் எக்செல் படிவத்தில் கேட்கவும்.

இப்படிக்கு,
அரியூர்வாசி ஒருவர்