பானெட்டில் ஒரு புலி

நேற்று சீலண்ட் டப்பாவோடு கீழே இறங்கினால், வாட்ச்மேன் அண்ணன் முகமெல்லாம் மலர்ச்சியாக நிற்கிறார். "பானெட்டு பூரா தூசியாக் கெடந்துச்சுங்க. நானே தொடச்சு உட்டுட்டனுங்க." கையில் காய்ந்த பனியன் வேஸ்ட். வண்டியோ கறுப்பு. முந்தைய நாள் முழுக்க முதுகு ஒடிய பாலிஷ் போட்டு முடித்த பானெட். "சந்தோஷங்கண்ணா" என்றேன். வேறென்ன சொல்ல?

எந்த பாலிஷை எதற்கு வாங்குவது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்குமுன் இந்தப் பனியன் வேஸ்ட்.

ஊருக்கெல்லாம் உள்ளாடை தைத்துக் கொடுக்கும் ஜில்லா இது. கட்டிங் டேபிளில் மிச்சம் விழுவதெல்லாம் கிலோக் கணக்கில் நம் வீட்டுக்கு வந்துவிடும். சைக்கிள் செயினுக்கு அதுதான், தறி ஆயிலுக்கு அதுதான், டிவிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அதேதான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஃபேன் றெக்கைக்கும் அதுதான். பருத்திதானே, மெத்தென்று இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. அண்ணன் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஓவர்லாக் தையல், விறைத்த பாலியஸ்டர் நூல். மூலையில் எல் சைஸ் லேபிள். நடுவே ரப்பர் பிரிண்ட்டில் பாதிப் புலி முகம், நகத்தால் சுரண்டினால்கூட அசையாது. அந்தப் புலிதான் என் பானெட்டில் வட்டம் வட்டமாக நடை பழகியிருக்கிறது. இந்த லட்சணத்தில், பின்னலாடை பூமியில் உட்கார்ந்துகொண்டு கார் துடைக்க மைக்ரோஃபைபர் துணியை ஆன்லைனில் வரவழைக்கிறோம். அதில் பருத்தி மருந்துக்கும் கிடையாது. எல்லாம் பாலியஸ்டரும் பாலியமைடும்.

தூசிக்கும் குறைவில்லை. ஒரு பக்கம் விசைத்தறிப் பஞ்சு, மறுபக்கம் கோவை-திருச்சி ரோட்டுப் புழுதி. கறிக்கோழிக்கு விலை நிர்ணயிப்பதே பல்லடத்தில்தான். இறகை மட்டும் லாரிக்குப் பின்னால் வருகிறவனுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

சரி, பாலிஷ். பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர்கோட் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். நம்மில் பலருடைய தலைமுடி அதைவிடத் தடிமன். தேய்க்கத் தேய்க்க அதில்தான் கழியும். ஆகவே இருப்பதிலேயே மென்மையான பாலிஷைக் கையகல இடத்தில் போட்டுப் பார்த்து, கீறல் போகவில்லை என்றால்தான் கட்டிங் கம்பவுண்டைத் திறக்க வேண்டும். நம் ஊர் வாட்டர் சர்வீஸில் எடுத்த எடுப்பிலேயே கம்பவுண்ட், அதுவும் கம்பளி பஃபில். பளபளவென்றுதான் வரும். அதில் பாதி எண்ணெயின் பளபளப்பு. நாலு தடவை கழுவினால் அடைபட்ட கீறலெல்லாம் எழுந்து வந்து வணக்கம் சொல்லும். அந்த எண்ணெயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்தெடுத்தால்தான் சீலண்ட் பெயின்ட்டில் பிடிக்கும். கொரோனாவில் கையில் தேய்த்துக்கொண்ட சானிடைசர் சிலவற்றில் இருந்த அதே சரக்குதான். இதை எந்த மச்சானும் சொல்ல மாட்டான். "மாப்ள, 9எச் கோட்டிங் போடு, ஆணியில கிழிச்சாலும் கோடு விழாது" என்பான். 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை. பென்சிலை வைத்து இந்த ஊரில் யார் கார் துடைக்கிறார்கள்?

எந்த கம்பெனி பாலிஷ் என்று இன்னும் சொல்லவில்லையே என்பீர்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலிலேயே காயவிட்டு, வெள்ளைப் புள்ளி வாங்கும் ஊரில் கம்பெனிப் பெயர் ஒரு கேடா?

புதுசாக புக் பண்ணப் போகிறவர்கள் வெள்ளைக் காரே எடுங்கள். கீறல் அதிலும் விழும். கண்ணுக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது.